கைட்சர்ஃபிங்: பலகையில் ஏறும் முன் பாரை விடப் பழகுங்கள்

கைட் என்கிற பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு கைட்சர்ஃபிங். முதல் நாளே பலகையில் ஏறிவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் எல்லோரும் வருகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் என்னைப் படுத்தியது பலகை இல்லை, கைட்டை ஓட்டக் கையில் பிடிக்கிற கோலான அந்தப் பார்தான். அதனால் பலகைமேல் நிற்பதைப் பற்றி இங்கே அதிகம் இருக்காது.

நீச்சல் தெரியும், ஒரு பயிற்றுநரிடம் சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வீடியோ பார்த்துத் தனியாகக் கற்கும் விளையாட்டு இல்லை இது.

1. காற்றைப் பார்த்துவிட்டுப் பையைத் திறங்கள்

கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வீசும் காற்றுதான் வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், அது எவ்வளவு மெல்லிய காற்றாக இருந்தாலும் இறங்காதீர்கள். ஏதாவது உடைந்தால் அது உங்களை ஆழ்கடலுக்குத்தான் கொண்டுபோகும். நேராகக் கரையை நோக்கி அடிக்கும் காற்றும் புதியவர்களுக்கு ஆகாது; கரையிலேயே தூக்கி எறிந்துவிடும். 12 முதல் 18 நாட் வரை (மணிக்குச் சுமார் 22–33 கி.மீ.), சீராக இருந்தால் போதும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. சராசரியைவிட இடையிடையே வரும் திடீர் வீச்சைத்தான் கவனிக்க வேண்டும். கருமேகம் திரண்டால் கைட்டை இறக்கிவிடுங்கள்.

2. சின்னக் கைட்டில் தொடங்குங்கள்

2 அல்லது 3 சதுர மீட்டர் பயிற்சிக் கைட்டை மணலில் பறக்கவிட்டுப் பழகுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், முன்னால் ஒரு பாதிக் கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் 12, இருபுறமும் 9, 3. ஓரங்களில் இழுவை குறைவு. நடுவில் தாழ்வாக வந்தால் ஆளையே இழுக்கும். பாரைப் பார்க்காமலேயே கைட்டை ஓட்ட வரும்வரை பெரிய கைட்டைத் தொடாதீர்கள்.

3. கையை விடுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பாரை உடம்பை நோக்கி இழுத்தால் கைட்டின் விசை கூடும், தள்ளினால் குறையும். இது கேட்ட உடனே புரிந்துவிடும். ஆனால் திடீரென இழுபடும்போது கை என்ன செய்யும்? கிடைத்ததை இறுகப் பிடிக்கும். நானும் பிடித்தேன், என்னையறியாமல் இழுத்தேன். கைட் நடுவே பாய்ந்தது. தண்ணீரிலிருந்து எழும்பி முகம் குப்புற விழுந்தேன். எழுந்ததும் அதே தவறை மறுபடி செய்தேன். புரிந்தது மூளைக்கு மட்டும்தான், கைக்கு இல்லை.

வரிசை இதுதான்: முதலில் பாரை விட்டுவிடுங்கள். கைட் அப்படியும் அடங்கவில்லை என்றால், ஹார்னஸில் (இடுப்பில் கட்டும் பட்டையில்) மாட்டியிருக்கும் வளையத்தின் குயிக் ரிலீஸை, அதாவது அவசரத்துக்குத் திறக்கும் பூட்டை, தள்ளுங்கள். கைட் ஒற்றை லைனில் (கயிற்றில்) தொங்கி விசையிழக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கைட்டை உங்களோடு இணைத்திருக்கும் கடைசிக் கயிறான லீஷையும் கழற்றிவிட்டுக் கைட்டை விட்டுவிடுங்கள். அதன் விலையை அப்போது நினைக்க வேண்டாம்.

இதைக் கரையில், கண்ணை மூடிக்கொண்டு, நண்பர் ஒருவர் லைன்களை இழுத்துப் பிடித்திருக்கும்போது செய்து பாருங்கள். இழுவையில் குயிக் ரிலீஸ் திறப்பது வேறு மாதிரி இருக்கும். நான் தினமும் இருபது தடவை செய்தேன். இரண்டாம் வாரத்தில்தான் கை தானாக விட்டது.

4. ஏற்றும் இடம்

லைன்கள் 20 மீட்டருக்கு மேல் நீளும். காற்று போகும் பக்கம் குறைந்தது அதில் இரண்டு மடங்கு தூரம் ஆள், கல், மரம் எதுவும் இருக்கக் கூடாது. லைன்களை ஒவ்வொன்றாகக் கைட்டிலிருந்து பார் வரை நடந்து சரிபாருங்கள். ஒன்று மாறி மாட்டியிருந்தாலும் கைட் சுழன்று அடிக்கும். தண்ணீர்ப் பக்கமாக, மெதுவாக ஏற்றுங்கள். மேலே போனதும் கரையில் நின்றபடி 12 மணியில் வைத்திருக்காதீர்கள். வீச்சு ஒன்று வந்தால் நேரே மேலே தூக்கும்.

5. பலகை இல்லாமல் கடலில்

கைட்டால் உடம்பை இழுத்துக்கொண்டு போகப் பழகுங்கள். ஒரு கையை நீருக்குள் நீட்டி, கைட்டைத் தாழ்வாக ஓரத்தில் வைத்தால், காற்று வரும் திசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம். தவறிப்போன பலகையை இப்படித்தான் மீட்க வேண்டும். பலகையைக் கயிற்றால் உடம்போடு கட்டுவதை நான் எதிர்ப்பேன். அது ரப்பர் மாதிரித் திரும்பித் தலையில் அடிக்கும்.

ஹெல்மெட், இம்பாக்ட் வெஸ்ட் (அடி தாங்கும் மேல்சட்டை), லைன் வெட்டும் கத்தி மூன்றும் கட்டாயம். கத்தி இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பழைய பாரை மலிவாக வாங்க வேண்டாம். கைட் பழசாக இருக்கலாம், பார் கூடாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர், குயிக் ரிலீஸ் தள்ளினாலும் திறக்கவில்லை என்று எழுதினார்கள். இருவருக்கும் காரணம் உள்ளே புகுந்த மணல். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், கைட்டை ஏற்றும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அன்று கடலில் இறங்க வேண்டாம்.