டிவி பாக்ஸ் வாங்குவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, போனாலும் இப்போது இதே பேச்சுதான். கூரையில் இருக்கிற சாட்டிலைட் தட்டைக் கழற்றிவிட்டு, இணையம் வழியாகப் படம் காட்டுகிற ஒரு பாக்ஸ் வாங்கிவிடலாமா, எது நல்லது, எவ்வளவு? நான் யாருக்கும் உடனே பாக்ஸ் பெயரைச் சொல்வதில்லை. வைஃபை தருகிற ரூட்டர் எந்த மூலையில் இருக்கிறது, டிவி எந்த அறையில் இருக்கிறது, ரிமோட் யார் கைக்குப் போகப்போகிறது என்று முதலில் கேட்பேன். இதைப் பார்க்காமல் வாங்கி, ஆறு மாதத்தில் அலமாரிக்குள் போன பெட்டிகளை எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலேயே நிறையப் பார்த்துவிட்டேன். அதில் ஒன்று நானே வாங்கிக் கொடுத்தது.

அது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது. 180 வெள்ளி (ரிங்கிட்). எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும், புதுப் படமும் வரும், ஆயுசுக்கும் மாதக் கட்டணம் கிடையாது என்று விற்றவர் சொன்னார். அத்தைக்குப் பொருத்திக் கொடுத்தேன், நான்கு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம், சரியாக நாடகம் தொடங்குகிற நேரத்தில், பட்டியல் முழுக்க வெறும் கறுப்புக் கட்டங்கள். அத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறார், நடுவில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விற்றவர் போனை எடுக்கவில்லை. திருட்டுத்தனமாக வருகிற சேனல் எப்போது வேண்டுமானாலும் நிற்கும், நின்றால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. இப்படிப்பட்ட பெட்டியை விற்பது 2022 மார்ச் 18 முதல் இங்கே தெளிவான குற்றம்: 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பணம் போனதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. 2023இல் டி95 என்ற பெயரில் விற்கப்பட்ட மலிவுப் பெட்டியில் வைரஸ் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ, இதே மாதிரி பெட்டிகள் வழியாக வீட்டு இணைய இணைப்பையே குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரித்தது. நீங்கள் போனில் வங்கிக் கணக்கைத் திறக்கிற அதே வைஃபையில்தான் அந்தப் பெட்டியும் உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள், யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, கடையில் முறையாக வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அட்டையில் 4கே, 8கே என்று படத்தின் நுணுக்க அளவைப் பெரிதாக அச்சடித்திருப்பதை நம்பிவிடக் கூடாது. அந்தப் பெட்டியால் அவ்வளவு பெரிய படத்தைத் திறக்க முடியும் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை, தாங்கள் அனுமதித்த கருவிக்குத்தான் தெளிவான படத்தை அனுப்பும். அதற்கு வைட்வைன் எல்1 என்கிற பாதுகாப்பு நிலையும் வேண்டும், நெட்ஃபிளிக்ஸின் சொந்த அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் பெரிய டிவியிலும் 480பி என்கிற மங்கலான படம்தான், முகமெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி தெரியும். அதனால் கடையிலேயே பெட்டியை மாட்டி, உங்கள் கணக்கில் நுழைந்து, ஒரு படத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவியே ஸ்மார்ட் டிவியாக இருந்து, உங்களுக்கு வேண்டிய ஆப் எல்லாம் அதிலேயே ஒழுங்காக ஓடினால் பாக்ஸே வேண்டாம். 32 அங்குல டிவிக்கு 4கே பெட்டி என்பதும் வீண் செலவுதான்.

இனி வீட்டுக்குள் வருவோம், முக்கால்வாசி பிரச்சினை இங்கேதான். எங்கள் பக்கத்து வீடுகள் முன்னால் குறுகி, பின்னால் நீண்டுகொண்டே போகும். ஃபைபர் போட வந்தவர் வாசல் பக்கச் சுவரில் துளைபோட்டு ரூட்டரை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். அத்தையின் டிவியோ அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற அறையில், நடுவில் மூன்று செங்கல் சுவர். வைஃபை இரண்டு அலைவரிசையில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அண்டை வீட்டு வைஃபை எல்லாம் அதிலேயே நெருக்கியடிக்கும், டிவியில் நேரடியாகச் சொருகுகிற சின்னப் பாக்ஸான ஸ்டிக்கில், மலிவான சிலதில் 2.4 மட்டும்தான் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் இரவு ஒன்பது மணிக்கு, எல்லாரும் நெட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, டிவி பக்கத்தில் நின்று கதவைச் சாத்திக்கொண்டு போனில் வேகத்தை அளந்து பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் (இணைய வேக அளவு), 4கேக்கு 15. வாசலில் நூறு வருகிறது என்பதால் அடுப்படிப் பக்கம் பதினைந்து வரும் என்று நினைக்காதீர்கள். வராவிட்டால் பாக்ஸை மாற்றிப் பயனில்லை, ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை (இணையக் கம்பியை) சுவரோரமாக இழுத்து நேரடியாகச் சொருகுங்கள். டிவியில் இருக்கிற லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், இதற்கு அது தாராளம். நான் அத்தைக்குக் கடைசியில் செய்தது இதுதான், இரண்டு வருடமாக அந்த வட்டம் சுற்றுவதைப் பார்க்கவில்லை.

ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே சொருகி மின்சாரம் எடுப்பதும் நிறையப் பேர் செய்கிற தவறு. பழைய யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக் பலவற்றுக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து திரும்பத் தொடங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூடவே வருகிற அடாப்டரைச் சுவரில் சொருகுங்கள். இடி இடித்தால் கழற்றிவிடுங்கள், நம் ஊர் இடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பென்டிரைவில் பழைய படங்களை ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பென்டிரைவ் ஃபேட்32 என்கிற பதிவு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. படம் தெரிந்து சத்தம் மட்டும் வராவிட்டால், அந்த டிவிக்கு டிடிஎஸ் என்கிற ஒலி வடிவம் புரியவில்லையா என்று பாருங்கள்.

பழைய கருவியை மலிவாக வாங்குபவர்கள், அதற்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்று கேளுங்கள். 2025 மார்ச்சில் 2015ஆம் ஆண்டின் குரோம்காஸ்ட் என்ற கூகுள் கருவி, உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றுபோனது. திருத்தம் வருவதற்குச் சில நாட்கள் ஆயின.

ரிமோட் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். வயதானவர் கையில் இரண்டு ரிமோட்டைக் கொடுத்தால் எதில் சத்தம், எதில் சேனல் என்றே தடுமாறுவார்கள். டிவியின் செட்டிங்கில் எச்டிஎம்ஐ சிஇசி என்று ஒன்று இருக்கும், சாம்சங்கில் எனிநெட்+, எல்ஜியில் சிம்பிலிங்க் என்று பெயர். அதைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் ஒரே ரிமோட்டில் வேலை முடியும்.

அப்புறம், பாக்ஸ் வந்துவிட்டது என்று ஏரியலைக் கழற்றி எறியாதீர்கள். 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபிறகு, மைஃப்ரீவியூ என்ற பெயரில் உள்ளூர்ச் சேனல்கள் ஏரியல் வழியாக டிஜிட்டலில் இலவசமாக வருகின்றன. அந்த டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் டிவிபி-டி2 உள்ள டிவியாக இருந்தால் தனிப் பெட்டிகூட வேண்டாம். போன மழைக்காலத்தில் மரம் விழுந்து எங்கள் வரிசைக்கு மூன்று நாள் நெட் இல்லை. அத்தை டிவி2இல் தமிழ்ச் செய்தியைத் தவறாமல் பார்த்தது, ஜன்னல் கம்பியில் நான் கட்டிவைத்த அந்தச் சின்ன ஏரியலில்தான்.