வாடிப்போன முந்திரி ஒட்டுக்கன்று: காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று செய்யும் தவறுகள்

ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் வருஷம் கொட்டை பொறுக்கலாம் என்று சொல்லித்தான் பண்ருட்டிப் பக்கத்து நர்சரிகளில் முந்திரி விற்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அது தெம்பாக வந்து சேர்ந்த கன்றுக்கான கணக்கு. மினி லாரியில் மேலே தார்ப்பாய் இல்லாமல் அனல்காற்றில் அடிபட்டு, ஆணிவேர் அறுந்து, இலை தொங்கிப்போய் இறங்கும் கன்றுகளும் உண்டு. அப்படி வந்த கன்றையும் தேற்றலாம். முந்திரி கெட்டி உயிர். பெரும்பாலும் அதைக் கொல்வது வறட்சி அல்ல, பதறிப்போய் நாம் காட்டும் கவனிப்புதான்.

முதல் தவறு நர்சரியிலேயே ஆரம்பிக்கிறது. வாங்குகிறவர்கள் உயரத்தைப் பார்க்கிறார்கள், இலையை எண்ணுகிறார்கள், பையைத் தூக்கி அடியைப் பார்ப்பதில்லை. இளந்தண்டு ஒட்டு கட்டிய முந்திரிக் கன்று ஐந்தாறு மாத வயதில் நடவுக்குத் தயாராகிவிடும். அதே பையில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தால் ஆணிவேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் போயிருக்கும், இல்லையென்றால் உள்ளேயே கயிறு மாதிரிச் சுருண்டிருக்கும். தரைக்குள் போன வேரைப் பிடுங்கி எடுத்துத்தான் விற்பார்கள். கடையில் நிற்கும்போது பச்சையாகத் தெரிந்த கன்று, வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே தலை சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சுருண்ட வேர் இன்னும் மோசம். அது உடனே காட்டிக்கொடுக்காது, மரம் பெரிதாகி ஒரு பெருங்காற்று வரும்போது காட்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் காற்றுக்கு நல்ல மரமும் நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் சுருண்ட வேரோடு நட்ட மரத்தைச் சாய்க்க அவ்வளவு காற்று தேவையில்லை.

சரி, கன்று வாடி வந்துவிட்டது. அடுத்து எல்லோரும் செய்வது அன்றைக்கே குழியில் வைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது. வேர் அடிபட்ட கன்றால் அவ்வளவு தண்ணீரை இழுக்க முடியாது. மண் நசநசவென்று கிடக்க, மிச்சம் இருக்கும் வேரும் அழுகும். இலை மேலும் தொங்கும், அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம். இந்தச் சுழலில் போன கன்றுகள்தான் அதிகம். பையோடு அப்படியே மரநிழலிலோ தென்னங்கீற்றுத் தட்டிக்கு அடியிலோ வையுங்கள். விரலைப் பைமண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் கழித்துக் காலை வெயிலுக்கு நகர்த்தி, அப்புறம் முழு வெயிலுக்குக் கொண்டுபோகலாம். முந்திரி வெயில் விரும்பி என்பதால் முதல் நாளே வெட்டவெளியில் வைப்பவர்கள் உண்டு. வெயில் விரும்புவது வேர் பிடித்த மரம்.

பழைய இலைகள் மஞ்சளாகிக் கொட்டினால் பயப்பட வேண்டாம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒட்டுக்கு மேலே உள்ள தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருக்கலாம். வரும் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும். முந்திரியின் இளந்துளிர் எப்போதுமே அந்த நிறம்தான், அதை நோய் என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

ஒட்டு இருக்கும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். கன்றின் அடியில், ஒரு சாண் உயரத்துக்குள், தண்டு சற்றுப் புடைத்து ஒரு தழும்பு தெரியும். அதற்குக் கீழே இருப்பது எந்த மரத்துக் கொட்டையிலிருந்தோ முளைத்த நாட்டு நாற்று. மேலே இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 என்று வைத்துக்கொள்வோம். முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம் என்பதால் கொட்டை போட்டு வளர்த்தால் தாய்மரம் போலவே வரும் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒட்டு. அடிபட்ட கன்றில் நடக்கும் கூத்து என்னவென்றால், மேல்பகுதி காய்ந்துபோகும், கீழே நாற்றிலிருந்து திமுதிமுவென்று பக்கத்துளிர் கிளம்பும். ‘உசுரு வந்துடுச்சு’ என்று சந்தோஷப்பட்டு அதை விட்டுவிடுவார்கள். ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்தால் சின்னச் சின்னக் கொட்டையோடு ஒரு நாட்டு மரம் நிற்கும். தழும்புக்குக் கீழே வரும் துளிர் எதுவானாலும் இளசாக இருக்கும்போதே விரலால் ஒடித்துவிட வேண்டும். மேல்பகுதி முழுக்கக் காய்ந்து, சுரண்டினால் பழுப்பாகத் தெரிந்தால், மனதைத் தேற்றிக்கொண்டு வேறு கன்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அந்தத் தழும்பைச் சுற்றி ஒரு பாலித்தீன் நாடா கட்டியிருக்கும். அதை அவிழ்க்காமல் நடுவது இங்கே சர்வ சாதாரணமாக நடக்கிற தவறு. தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே இறுகி, பட்டையை நெரிக்கும். கன்று ஒரு வருஷம் நன்றாகத் தழைத்துவிட்டு, திடீரென்று அந்த இடத்திலேயே ஒடியும். நடும் நாளில் பிளேடால் நாடாவை நெடுக்குவாட்டில் மெதுவாகக் கீறி எடுத்துவிடுங்கள், பட்டையில் கீறல் விழாமல்.

குழியை நடும் அன்றைக்கே வெட்டாதீர்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் முன்கூட்டியே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 1 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். மக்காத சாணி போட்டால் சூடு ஒரு பக்கம், கரையான் ஒரு பக்கம். இடைவெளி வழக்கமாக 7-க்கு 7 மீட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 80 கன்று வரும். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நான்கு விரல் தெரிய வேண்டும். கன்று ஆடாமல் இருக்கட்டும் என்று கழுத்துவரை மண் அணைத்தால், புதைந்த ஒட்டு அழுகும். ஆடாமல் இருக்கத்தான் சவுக்குக் குச்சி இருக்கிறதே. காற்று வரும் பக்கமாக ஒன்றை ஊன்றி, பழைய துணிக்கிழிசலால் எட்டுப் போல வளைத்துத் தளர்வாகக் கட்டினால் போதும். கம்பி வேண்டாம்.

எப்போது நடுவது என்பதில்தான் நம் கடற்கரைக்காரர்கள் ஏமாந்துபோகிறோம். மழைக்காலம் என்றால் நடவுக்காலம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஜூனிலிருந்து டிசம்பர் வரை நடலாம்தான். ஆனால் வேர் அடிபட்ட கன்றை ஐப்பசி அடைமழையில் நடுவது வேறு விஷயம். இங்கே மழை மெதுவாகப் பெய்யாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கத்துச் செம்மண் மேட்டில் எவ்வளவு பெய்தாலும் இறங்கிவிடும். கெடிலம், தென்பெண்ணை ஓரத்து வண்டல், களிமண் நிலங்களில் குழியே குட்டை ஆகிவிடும். முந்திரி எதைத் தாங்கினாலும் காலடியில் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. அப்படிப்பட்ட நிலமென்றால் குழி இருக்கும் இடத்தைச் சற்று மேடாக்கி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாய்க்கால் இழுத்துவிடுங்கள். ஆடியில் தேறிய கன்றை ஆவணிக்குள் நட்டுவிட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். பின்தங்கிய கன்றை மழை ஓயும்வரை பையிலேயே வைத்திருந்து மார்கழியில் நட்டு, அடுத்த கோடையில் கையால் தண்ணீர் கொடுப்பது மேல். (புதுச்சேரியில் மாடியில் டிரம்மில் முந்திரி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அழகுக்கு வைக்கலாம்.)

உரம். கன்று சோர்ந்திருந்தால் ஒரு பிடி யூரியா போடச் சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். அறுபட்ட வேருக்குப் பக்கத்தில் யூரியா விழுந்தால் எரிந்துபோகும். முதல் துளிர் செம்பு நிறம் மாறி, பச்சையாகி, இலை தடித்த பிறகுதான் உரப் பேச்சு. முதல் வருஷத்துக்கு ஒரு கன்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 70, 40, 60 கிராம் என்பது பரிந்துரை. கடைக்கணக்கில் யூரியா 150 கிராம், சூப்பர் பாஸ்பேட் 250 கிராம், பொட்டாஷ் 100 கிராம். இதை ஒரே தடவையில் கொட்டாமல், ஆனி-ஆடியில் பாதி, ஐப்பசியில் பாதி என்று பிரித்து, தண்டை விட்டுத் தள்ளி வட்டமாகக் கீறி, ஈரத்தில் போட்டு மூட வேண்டும். நொந்த கன்றுக்கு முதல் தவணையை இன்னும் குறைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. இரண்டாம் வருஷம் இரட்டிப்பு.

மண் ஈரம் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கு முந்திரிச் சருகே போதும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள், ஒட்டிக் குவித்தால் செம்மண்ணில் கரையான் ஏறுவதற்கு அது ஏணி ஆகிவிடும். ஊடுபயிராக மல்லாட்டை (நிலக்கடலை), உளுந்து தாராளமாகப் போடலாம். மரவள்ளியைக் கன்றுக்கு நெருக்கமாக நடுவது வேண்டாம், அது ஆளுயரம் வளர்ந்து நிழல் கட்டிவிடும்.

தேறிய கன்று துளிர் விடும்போது தேயிலைக் கொசு வரும். பேர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இளந்துளிரில் குத்தி உறிஞ்சிய இடத்தில் கருப்புப் புள்ளி விழும், பிசின் முத்து நிற்கும், பிறகு குருத்தே தீய்ந்ததுபோலக் காயும். ஏற்கெனவே வாடி எழுந்த கன்று என்பதால் தண்ணீர் பத்தவில்லை என்று முடிவுகட்டி மறுபடி குடத்தைத் தூக்குவார்கள். தண்ணீர்க் குறை என்றால் செடி முழுக்கச் சோரும். நுனி மட்டும் கருகி, கீழ் இலை திடமாக இருந்தால் அது பூச்சி. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, துளிர் விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என மூன்று கட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். பூக்கும் பருவத்தில் காலையில் தெளிக்காதீர்கள். பூ விரிந்து தேனீ வரும் நேரம் அது.

ஒட்டுக்கன்று நட்ட முதல் வருஷமே பூக்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் முதல் இரண்டு வருஷம் பூங்கொத்தைக் கிள்ளிவிட வேண்டும். நல்ல கன்றுக்கே இது விதி. வாடித் தேறிய கன்று பூப்பது சில சமயம் தெம்பால் அல்ல, தவிப்பால். நாலு கொட்டைக்கு ஆசைப்பட்டு விட்டால் கிளை கட்ட வேண்டிய சத்து அதில் போய்விடும். அதேபோல அடிக்கிளைகளை ஒரு மீட்டர் உயரம்வரை கழிக்க வேண்டும் என்பதும் சரி, ஆனால் மூன்று நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. இருக்கிற பத்து இலையில் ஆறைக் கழித்துவிட்டு அது எதை வைத்துப் பிழைக்கும்?

தை, மாசியில் பூத்து, பங்குனி, சித்திரையில் கொட்டை விழும். முந்திரியில் கொட்டைதான் முதலில் வளரும். பச்சையாக, பெரிதாக, முழு வளர்ச்சி அடைந்ததுபோல் தொங்கும், அப்போது பழம் வெறும் காம்பு மாதிரிதான் இருக்கும். அதன் பிறகு கொட்டை சற்றுச் சுருங்கிக் கெட்டியாகும், பழம் உப்பும். முதல் காய்ப்பு பார்க்கிறவர்கள் அந்தப் பெரிய பச்சைக் கொட்டையைப் பார்த்து ஏமாந்து துரட்டி போட்டு இழுத்துவிடுகிறார்கள். உள்ளே பருப்பு முற்றியிருக்காது, வியாபாரி கையில் எடுத்துப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். தானாக விழுந்ததைத்தான் பொறுக்க வேண்டும். அன்றன்றைக்கே பழத்தைத் திருகி எடுத்துவிட்டு, கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கோணிப்பையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகிவிடும், வீட்டுப் பிள்ளைகள் சுட்டுத் தின்கிறேன் என்று பச்சைக் கொட்டையைக் கல்லில் உடைக்கப் போனால் தடுத்துவிடுங்கள்.

அறுவடை முடிந்ததும் வைகாசியில் காய்ந்த குச்சி, குறுக்குக் கிளைகளை மட்டும் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணத் தடுப்பு) தடவலாம். அப்போதே அடித்தண்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஓட்டையும், பிசினோடு மரத்தூளும் தெரிந்தால் தண்டு துளைப்பான் நுழைந்துவிட்டது என்று அர்த்தம், புழுவைத் தோண்டி எடுக்காமல் மேலே எதைத் தடவியும் பலன் இருக்காது.