அட்வான்ஸ் கொடுக்கும் முன் இணையத்தைச் சோதியுங்கள்

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ குடியிருக்கும்வரை, ஒரு கேபிள்காரர் சரியில்லையென்றால் அடுத்தவரிடம் மாறிக்கொள்ளலாம். வாடகை கட்டுப்படியாகாமல் மீஞ்சூரைத் தாண்டி, பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறவர்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பதுபோல இணையத்தையும் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

முதலில் அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள். யாருடைய இணைப்பு, போன மழைக்காலத்தில் எத்தனை நாள் அறுந்து கிடந்தது, சொன்னால் யார் வந்து சரிசெய்கிறார் என்ற மூன்று கேள்விகள் போதும். நிறுவனத்தின் தொலைபேசியில் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்பது பெரும்பாலும் அஞ்சல் குறியீட்டை வைத்துச் சொல்லப்படுவது. உங்கள் தெருக் கம்பத்தில் இணைப்புப் பெட்டி இருக்கிறதா என்பதை நேரில்தான் அறிய முடியும். என் தங்கை அந்த வார்த்தையை நம்பிக் குடியேறி, இணைப்புக்காக இரண்டு மாதம் காத்திருந்தாள்.

ஃபைபர், அதாவது ஒளியிழைக் கம்பி இணைப்பு, கிடைத்தால் அதையே எடுங்கள். 2011-இல் ஒப்புதல் பெற்று இன்று பாரத்நெட் எனப்படும் ஒன்றிய அரசின் திட்டமும், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்க வகுக்கப்பட்ட டான்ஃபினெட் திட்டமும் ஊராட்சியைத்தான் எட்டுகின்றன. அங்கிருந்து வீட்டுக்கு இழுத்துத் தருபவர் யார் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் ஒளியின் அளவைக் கருவியில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால், கம்பி சற்று வளைந்தாலும் இணைப்பு அறுந்துபோகலாம் என்பதால், அப்போதே சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

ஃபைபர் இல்லையென்றால் செல்பேசிக் கோபுரம்தான் வழி. இரண்டு நிறுவனங்களின் சிம் கார்டுகளோடு சென்று, தெருவில் அல்ல, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அறையிலேயே, இரவு எட்டு மணிக்கு மேல் வேகத்தைச் சோதியுங்கள். ஊரே ஒரு கோபுரத்தைப் பகிரும் நேரம் அது. பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள், காணொளிக் கூட்டங்கள் திணறுவது பெரும்பாலும் அதனால்தான். சிக்னல் கோடுகள் நிறைந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அவை நெரிசலைக் காட்டுவதில்லை. கோபுரம் அனுப்பும் அலைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைவு போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 3,500 மெகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் விரைவில் தேய்ந்துவிடும். அதனால் மாடியில் கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனா பொருத்தினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

மின்சாரத்தை மறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குவதால் சிறிய யுபிஎஸ் ஒன்றே சில மணி நேரம் தாங்கும். ஃபைபர் ஒரு நிறுவனத்தினுடையதென்றால் மாற்றுக்கான சிம் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும்.

தள்ளுபடி கிடைக்கிறதென்று ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், ஒரு வடகிழக்குப் பருவமழையை அந்த இணைப்பு தாங்கிய பிறகு ஆண்டுத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.