ஏற்காட்டு வாக்கு எந்தத் தொகுதியில் சேர்கிறது? மக்களவைத் தேர்தலுக்கு ஆயத்தமாகும் முறை

2024 ஏப்ரல் 19 அன்று, ஏற்காடு மலையில் ஒரு வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருவர், சுவரில் ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலை இருமுறை விரல் வைத்துப் படித்துவிட்டு, "சேலத்துல நிக்கிறவரு பேரு இதுல காணோமே தம்பி" என்றார். காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் அவர். சந்தைக்காக டவுனுக்கு இறங்கிய நாட்களில் பிரசார வண்டிகளில் அவர் கேட்ட பெயர்கள் எல்லாம் சேலம் தொகுதிக்கு உரியவை. அவருடைய வாக்கோ கள்ளக்குறிச்சி தொகுதிக்கு உரியது. வாசலில் நின்றுகொண்டு முன்பின் கேட்டறியாத பெயர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தொகுதிக் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள் உள்ளன. சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள் இருந்தாலும் அவை நான்கு மக்களவைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி ஆகிய ஆறும் சேலம் மக்களவைத் தொகுதியில் அடங்கும். கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு ஆகிய மூன்றும் கள்ளக்குறிச்சியில் வருகின்றன. மேட்டூர் தருமபுரியோடும், சங்ககிரி நாமக்கல்லோடும் சேர்ந்திருக்கின்றன. 2008இல் தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளைத் திருத்தி வகுத்தது, நடைமுறைக்கு வருவதற்கு முன்பு ஏற்காடு சேலம் மக்களவைத் தொகுதிக்குள்தான் இருந்தது. அதனால்தான் மலையில் உள்ள பெரியவர்கள் பலர் இன்றும் அந்தப் பழைய நினைவிலேயே பேசுகிறார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டதால் குழப்பம் இன்னும் கூடியது. மாவட்டம் சேலம், ஆட்சியர் சேலத்தில் இருக்கிறார், ஆனால் மக்களவை உறுப்பினரோ ஆத்தூர், சின்னசேலம் கடந்து போக வேண்டிய தொகுதிக்காரர் என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பகுதி மக்களுக்கும் இதே கணக்குதான், ஏனெனில் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி மலையோடு நிற்காமல் அடிவாரச் சமவெளியிலும் பரந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டுமே பொருந்தும். கள்ளக்குறிச்சி பொதுத்தொகுதி என்பதால் மக்களவைக்கு எந்தச் சமூகத்தவரும் அங்கே போட்டியிடலாம்.

உங்கள் தொகுதியைக் கண்டறிய வாக்காளர் அட்டை பாதி உதவியே செய்யும். அட்டையின் பின்புறத்தில் சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் இருக்கும். மக்களவைத் தொகுதியின் பெயர் இராது. பழைய அட்டை வைத்திருப்போருக்கு அதில் பனமரத்துப்பட்டி, தாரமங்கலம் என்று இன்று இல்லாத தொகுதிகளின் பெயர்கள்கூடக் காணக்கிடைக்கும். எனவே தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள், அல்லது 1950 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள். இணைய வசதி இல்லாதவர்கள் உங்கள் பாகத்தின் (உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின்) வாக்காளர் பட்டியலை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்டு, அதன் முதல் பக்கத்தைப் பார்த்தால் மக்களவைத் தொகுதியின் பெயர் அச்சாகியிருக்கும். அதே பட்டியலில் உங்கள் பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் இருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, முன்பு வாக்களித்தவர்களும் மறுபடி சரிபார்ப்பது அவசியம். புதிதாகச் சேர படிவம் 6, பெயர் நீக்கத்துக்குப் படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் பிழைத்திருத்தத்துக்கும் படிவம் 8 உள்ளன. ஏற்காட்டை விட்டு அஸ்தம்பட்டிக்குக் குடிவந்தவர் படிவம் 8 கொடுக்கும்போது அவருடைய வாக்கு கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். மலையில் ஒன்றும் டவுனில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 17 வயது நிறைந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாட்களில் எந்த நாளுக்குள் 18 நிறைகிறதோ, அதை வைத்துப் பெயர் சேரும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது.

இப்போதைய மக்களவை 2024 ஜூன் 24 அன்று முதன்முதலாகக் கூடியது. இடையில் கலைக்கப்படாவிட்டால் அதன் ஐந்தாண்டுக் காலம் 2029 ஜூனில் முடியும். அதற்குள் மறுபடியும் தொகுதி மறுவரையறை நடந்தால் மேலே சொன்ன கணக்கும் மாறும். ஆகவே தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் தொகுதிப் பெயரை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.

வேட்பாளர்களின் இறுதிப் பட்டியல் வெளியான பிறகு, அவர்கள் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படியுங்கள். சொத்து, கடன், கல்வி, நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள் அனைத்தும் அதில் இருக்கும். என்னைக் கேட்டால், மேடைப் பேச்சு பத்தைக் கேட்பதைவிட இந்தப் பத்திரம் ஒன்றைப் படிப்பது மேல்.

85 வயது கடந்தவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் 2024இல் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள். தேர்தல் அறிவிக்கையிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அந்தப் படிவம் போய்ச் சேர வேண்டும் என்பதால், தொலைவான மலைக் கிராமங்களில் உள்ளவர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வாக்குப்பதிவு நாளில் பூத் சிலிப்பை மட்டும் எடுத்துச் சென்றால் ஏற்கமாட்டார்கள். வாக்காளர் அட்டை இல்லையெனில் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்றவற்றில் ஒன்று வேண்டும். பலரும் பையில் வைத்திருக்கும் ரேஷன் அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வாக்கை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்து, 49பி (49P) விதிப்படி வாக்குச்சீட்டு கேட்டு வாக்களிக்கலாம். இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துக் கண்ணாடிக்குள் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடிகள் தெரிந்த பின்பே பெட்டிக்குள் விழும். அது விழும் வரை நின்று பாருங்கள்.