பழைய கேட்ரிட்ஜ் கேமரா கைக்கு வந்ததும் செய்யக் கூடாதவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் இந்தியக் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெரியவர்களின் வீட்டைக் காலி செய்யும்போதெல்லாம் அலமாரியிலிருந்து ஒரு கோடக் இன்ஸ்டமேட்டிக் கிடைக்கிறது. ஃபிலிம் அடைத்த பிளாஸ்டிக் கூட்டை, அதாவது கேட்ரிட்ஜை, அப்படியே உள்ளே போடும் கேமரா அது. பேரப்பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்துவிட்டு வருகிறார்கள். லென்ஸை விரலால் மறைப்பது, இருட்டில் ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பது போன்றவை முதல் ரோலிலேயே தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபிலிம் போடாமல் சோதித்துவிட்டு "கெட்டுப்போச்சு" என்பது

இந்தக் கேமராவில் போடும் 126 வகை ஃபிலிமில் ஒரு படத்துக்கு ஒரு துளைதான். கேமராவின் உள்ளே இருக்கும் சின்ன ஊசி அந்தத் துளையில் விழும்போதுதான் ஃபிலிமை நகர்த்தும் லீவர் நிற்கும். ஃபிலிம் இல்லாவிட்டால் பல மாடல்கள் ஒழுங்காக இயங்காது. பின்மூடியைத் திறந்து, லீவரை இழுத்துக்கொண்டே அந்த ஊசியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் ஷட்டர் அடிக்கும்.

உள்ளே கிடந்த ஃபிலிமை அவசரமாகக் கழுவக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆயாவின் கேமராவோடு ஒரு பெண் வந்தாள். உள்ளே பாதி எடுத்த கோடக்கலர்-எக்ஸ் என்ற பழைய வண்ண ஃபிலிம் இருந்திருக்கிறது. என்னிடம் வருவதற்கு முன்பே அதை ஒரு கடையில் கொடுத்திருந்தாள். அங்கே லேபிளைக்கூடப் பார்க்காமல் இயந்திரத்தில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தது படலம் உரிந்த வெற்றுச் சுருள்.

காரணம் எளிது. அந்த ஃபிலிம் சி-22 என்ற பழைய முறைக்காகச் செய்தது. அதைக் கழுவும் சூடு 24 டிகிரி. 1972இல் வந்த சி-41 முறைதான் இன்று கடைகளில் இருக்கிறது. அதன் சூடு 37.8 டிகிரி. பழைய படலம் அந்தச் சூட்டைத் தாங்காது. அதே ஃபிலிமைக் கருப்பு வெள்ளை மருந்தில் 20 டிகிரி அளவில் பொறுமையாகக் கழுவினால், வண்ணம் போனாலும் முகங்கள் மிஞ்ச வாய்ப்பு உண்டு. லேபிளில் கோடக்ரோம் (கோடக்கின் வண்ண ஸ்லைடு ஃபிலிம்) என்று எழுதியிருந்தாலும் இதே வழிதான். அதை வண்ணத்தில் கழுவிய கடைசி லேப் 2010 டிசம்பரோடு ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது.

இந்தக் கேமரா வந்தது 1963இல். சாட்ஸ்வொர்த் திறந்தது 1964இல். டர்பனின் பழைய குடியிருப்புகளான கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நிறவெறி அரசு நம் குடும்பங்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்த வருடங்கள் அவை. அந்தச் சுருளில் இடித்துப்போட்ட வீட்டு வாசல் இருக்கலாம், பழைய தெருவில் காவடி எடுத்த தாத்தா இருக்கலாம். அதற்கு வேறு பிரதி எங்கே இருக்கிறது?

அதனால் முதலில் பின்பக்க ஜன்னல் வழியாக லேபிளைப் படியுங்கள். எந்த ஃபிலிம் என்று தெரியும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள். பழைய ஃபிலிமைக் கழுவிப் பழகியவர்களிடம் மட்டும், முறையின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுங்கள். தெரியாமல் பின்மூடியைத் திறந்துவிட்டீர்களா? பயம் வேண்டாம். கேட்ரிட்ஜ் மூடிய பெட்டி. ஓரிரு படம் போகும், மற்றவை பிழைக்கும்.

பேட்டரி அறையைப் பார்க்காமல் விடுவது

வெள்ளைப் பொடி இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

டர்பன் ஈரக்காற்றில் தோல் உறையிலேயே வைப்பது

லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

110க்கும் 126க்கும் வித்தியாசம் பார்க்காமல் வாங்குவது

110 என்பது 126ஐவிடச் சின்னக் கேட்ரிட்ஜ். அதற்கு லோமோகிராஃபி என்ற நிறுவனம் 2012 முதல் புது ஃபிலிம் விற்கிறது. 126க்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் 126 ஃபிலிமின் அகலமும் 35 மில்லிமீட்டர்தான் என்பதால், பழைய கூட்டிலோ முப்பரிமாண அச்சில் செய்த கூட்டிலோ சாதாரண 35 எம்எம் ஃபிலிமை இருட்டில் ஏற்றலாம். காலிக் கூட்டைக் கழுவும் கடையில் குப்பையில் போட்டுவிடுவார்கள். திருப்பித் தரச் சொல்லிக் கொடுங்கள். அப்புறம், 35 எம்எம் ஃபிலிமுக்குப் பின்னால் காகிதம் கிடையாது. ஏற்றும் முன்பே ஜன்னலைக் கருப்பு டேப்பால் மூடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் புகுந்துவிடும்.