ஜோஸ் நகருக்கு ஊழியத்துக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைஜீரியாவின் பிளாட்டோ மாநிலத் தலைநகரம் ஜோஸ். 2001 செப்டம்பர், 2008 நவம்பர், 2010 ஜனவரி என்று மூன்று பெரிய கலவரங்களைக் கண்ட ஊர். ஒவ்வொரு முறையும் ஊரடங்கு. புதிதாக வரும் மிஷனரிக் குடும்பங்கள் முன்பு வந்தவர்கள் செய்த தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். கொசுவலை கட்டுங்கள், பாஸ்போர்ட் நகல் வையுங்கள் என்பதெல்லாம் வருமுன்பே சொல்லி அனுப்புவார்கள். இங்கே வந்து இடறும் விஷயங்கள் வேறு.

ஊரடங்கு அறிவித்த பிறகு கடைக்கு ஓடுவது

அந்த நேரத்தில் சந்தை வழியில் நிற்பதே ஆபத்து. பத்து நாளுக்கானது எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்: அரிசி, பயறு, எண்ணெய், உப்பு, நிரம்பிய உபரி கேஸ் சிலிண்டர் ஒன்று, சின்ன நோட்டுகளாக நைரா (நைஜீரியப் பணம்). குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தால், 5 சதவீத ப்ளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்துக் குடிக்கலாம். கலங்கல் என்றால் துணியில் வடிகட்டி 4 சொட்டு. வாசனை சேர்த்த ப்ளீச் கூடாது.

காய்ச்சல் என்றாலே மலேரியா என்று முடிவு கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, அதனால் கோபமே வருகிறது. காய்ச்சல் வந்ததும் அலமாரியில் இருக்கும் மலேரியா மாத்திரையை மூன்று நாள் போடுகிறார்கள். குறையவில்லை என்றால் வேறொரு மாத்திரை. வெளியே ஊரடங்கு, திறந்ததும் போகலாம் என்று காத்திருக்கிறார்கள். ஐந்தாறு நாள் போய்விடுகிறது. அது மலேரியாவே அல்லாமல் லாசா காய்ச்சலாக இருக்கலாம்; எலியால் பரவி உயிரையே எடுக்கும் வைரஸ் நோய் அது.

லாசா காய்ச்சல் என்ற பெயரே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்த கிராமத்தின் பெயர். 1969 ஜனவரியில் அங்கே பணியாற்றிய நர்ஸ் லாரா வைன் நோயுற்று, விமானத்தில் ஜோஸுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்தார். அவரைக் கவனித்த நர்ஸ் சார்லட் ஷாவின் விரலில் ரோஜா முள் கிழித்த சிறு காயம் இருந்தது. அந்த விரலில் துணியைச் சுற்றித்தான் நோயாளியின் வாயைத் துடைத்தார். சில வாரங்களில் அவரும் இறந்தார். அடுத்த ஆண்டு டாக்டர் ஜீனெட் ட்ரூப், பிரேதப் பரிசோதனையில் கை வெட்டுப்பட்டு இதே நோயில் இறந்தார். நடந்ததெல்லாம் இதே ஊரில்.

நோயைப் பரப்புவது வீட்டுக்குள் நடமாடும் ஒரு வகை எலி. அறுவடை முடிந்து காடு கழனி எரிக்கப்படும் ஹர்மட்டான் (வறண்ட புழுதிக் காற்று வீசும்) மாதங்களில் அது வீட்டுக்குள் வந்துவிடும். அதன் சிறுநீர் பட்ட உணவு போதும். ஆகவே அரிசி, காரி (மரவள்ளிக் கிழங்கு ரவை) எல்லாம் இறுக்க மூடும் தகர டின்னில் இருக்க வேண்டும், சாக்கில் கூடாது. எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. ப்ளீச் கலந்த நீரை ஊற்றி ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள்.

வீட்டில் செய்யும் மலேரியா ரத்தப் பரிசோதனை கிட் பாசிட்டிவ் காட்டினாலும் நிம்மதி அடையாதீர்கள். மலேரியாவும் லாசாவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். சில கிட்கள் பழைய மலேரியா ஆறிய பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். மாத்திரை தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் லாசா என்றே சந்தேகியுங்கள். தொண்டை வலி, நெஞ்சு வலி, வாந்தி, முகம் வீங்குவது, ஈறில் ரத்தம் தெரிந்தால் 48 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். லாசாவுக்குக் கொடுக்கும் ரிபாவிரின் மருந்து, நோய் தொடங்கிய முதல் ஆறு நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஊரடங்கைக் காரணம் காட்டாதீர்கள். மருத்துவமனைக்கு முதலில் போன் செய்து லாசா சந்தேகம் என்று சொல்லுங்கள்; அவர்கள் தனி அறை தயார் செய்ய வேண்டும். சோதனைச் சாவடியில் வேகத்தைக் குறைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கைகள் தெரியும்படி வைத்துக்கொண்டு நோயாளி இருக்கிறார் என்று சொல்லுங்கள். நோயாளியைத் தொட்ட எல்லோரும் 21 நாள் காலை மாலை வெப்பம் எடுத்து எழுதி வைக்க வேண்டும்.

ஜெனரேட்டரை வராந்தாவில் ஓட்டுவது

புகை தூக்கத்திலேயே கொல்லும். வெளியே, சன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி.

போனில் வந்த வதந்தியை அனுப்புவது

வேண்டாம். கலவரச் செய்தி வந்தால் சபைப் போதகர் ஒருவரையும் முஸ்லிம் அண்டை வீட்டார் ஒருவரையும் கேளுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் மட்டும் நம்புங்கள்.

வந்ததும் விஷயத்துக்குத் தாவுவது

இந்தப் பகுதியின் ஹௌசா மொழி பேசும் வீட்டில் "சன்னு" என்று வணக்கம் சொல்லி, வீட்டையும் பிள்ளைகளையும் வேலையையும் விசாரித்த பிறகே காரியம். அவசரப்படுகிறவரிடம் யாரும் உண்மை நிலவரம் சொல்ல மாட்டார்கள், கலவர நாளில் எந்தத் தெரு அடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து.

வண்டியில் பெட்ரோலைப் பாதி டேங்குக்குக் கீழே விடுவது

பதற்றம் தொடங்கிய அன்றே பெட்ரோல் பங்க் மூடிவிடும். வெள்ளி மதியம் தொழுகை கலையும் நேரத்திலும், ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்திலும் கூட்டம் நிற்கும் சாலைகளை விட்டு வேறு வழியில் போங்கள். அந்த வழியை முந்தைய நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.