வடக்கு அம்பை நேராக மேலே நிறுத்துவதற்கு முன்

வரைபடம் முடிந்ததும் மூலையில் ஒரு அம்பை செங்குத்தாக நிறுத்தி ‘வ’ என்று எழுதிவிடுவோம். மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனில் (புரொஜெக்‌ஷன் என்றால் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) அது சரி, அதில் தீர்க்கரேகை எல்லாமே செங்குத்து இணைகோடுகள். மற்ற பெரும்பாலான புரொஜெக்‌ஷன்களில் அவை சாயும் அல்லது வளையும், வடக்கும் கூடவே சாயும்.

படி 1: கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) திரையின் வலது கீழ் மூலையில் இபிஎஸ்ஜி எண்ணைப் பாருங்கள், எந்தப் புரொஜெக்‌ஷன் என்று சொல்லும் குறியீடு அது. 3857 என்றால் வெப் மெர்கேட்டர், அம்பு மேலேயே இருக்கட்டும். 32633 மாதிரி இருந்தால் யூடிஎம் (பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் முறை), கடைசி இரண்டு இலக்கம் மண்டல எண். அதை 6-ஆல் பெருக்கி 183-ஐக் கழித்தால் அந்த மண்டலத்தின் மைய தீர்க்கரேகை: 33-க்கு 15 டிகிரி கிழக்கு.

படி 2: உங்கள் இடம் மைய தீர்க்கரேகையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறதோ, அதை அட்சரேகையின் சைனால் பெருக்குங்கள். 60 டிகிரி வடக்கில் 3 டிகிரி தள்ளியிருந்தால் சுமார் 2.6 டிகிரி சாய்வு. (கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

படி 3: நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சாய்வு கிடைத்தது, ஆனால் எந்தப் பக்கம்? குத்துமதிப்பாகத் திருப்பினேன், பிழை போவதற்குப் பதில் இரட்டிப்பானது: 5.2 டிகிரி, ஒரு கிலோமீட்டருக்கு 91 மீட்டர் விலகல். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், படத்தை நினையுங்கள். வட அரைக்கோளத்தில் தீர்க்கரேகைகள் மேலே போகப்போக மையக்கோட்டை நோக்கி நெருங்கும். அதனால் மையத்துக்குக் கிழக்கே இருந்தால் உண்மை வடக்கு இடப்பக்கம் சாயும், மேற்கே இருந்தால் வலப்பக்கம்.

படி 4: பிரின்ட் லேஅவுட்டில் அம்பைச் சேர்த்து, அதன் பண்புகளில் ‘சிங்க் வித் மேப்’ என்பதன் கீழ் ‘கிரிட் நார்த்’தை (வரைபடக் கட்டத்தின் நேர் மேல்) ‘ட்ரூ நார்த்’ (உண்மை வடக்கு) ஆக்குங்கள். படி 3-இல் யோசித்த பக்கமே சாய்கிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கு வரைபடத்தின் நடுப்புள்ளிக்கு மட்டும்தான். லாம்பர்ட் கூம்பு புரொஜெக்‌ஷனில் ஒரு பெரிய நாட்டையே போட்டால் இரு ஓரங்களிலும் வடக்கு வேறுவேறு பக்கம் பார்க்கும். அப்போது நான் அம்பையே எடுத்துவிட்டு அட்ச, தீர்க்கக் கோடுகளை வரைந்துவிடுவேன். அம்பு அழகுதான், ஆனால் அங்கே பொய் சொல்லும்.

திசைகாட்டி காட்டும் காந்த வடக்கு தனிக் கதை, வருடா வருடம் நகரும். இதில் கலக்காதீர்கள்.

பின்சேர்க்கை: “எனக்குத் தலைகீழாக வருகிறதே” என்று கேட்டவர்களுக்கு, தென் அரைக்கோளத்தில் படி 3-இன் பக்கங்கள் மாறும், அட்சரேகைக்கு மைனஸ் போடுங்கள். வடதுருவத்தை நடுவில் வைத்து இபிஎஸ்ஜி 3413 என்ற துருவப் புரொஜெக்‌ஷனில் வரைபவர்களுக்கோ அம்பே வேண்டாம், அங்கே நான்கு ஓரத்திலிருந்தும் வடக்கு நடுவை நோக்கித்தான்.